சிறைக்குள் நடப்பதை யாரிடம் சொல்வது?

(சங்கத்தின் மாதர் தலைவிகளுக்கான ஒருநாள் பயிற்சியில், சட்ட உதவிப் பிரிவுப் பொறுப்பாளரான சகோதரி ஆற்றிய உரை. வர முடியாத அங்கத்தவர்களும் வாசிக்க வேண்டும் என்று தலைவிகள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



இன்றைய தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு அக்கா தேநீர் நேரத்தில் என்னிடம் கேட்டார்: "சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் ஜெயிலைப் பற்றி எங்களுக்கு எதற்கு?" நியாயமான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

நம்முடைய லயங்களில் இருந்து சிறைக்குப் போகிறவர்கள் யார்? கசிப்பு வழக்கில் பிடிபட்டவர்கள். தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன இடத்தில் நகை காணாமல் போனது என்று பிடித்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள். பிணை கிடைத்தும், பிணைக்குக் கையொப்பம் வைக்க ஆள் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்கள். 2023ஆம் ஆண்டு வீட்டு வேலைக்குப் போன நம் மலையகப் பெண் ஒருவர் கொழும்பில் பொலிஸ் காவலில் இறந்தார். அதை நாம் யாரும் மறக்கவில்லை. அதனால் இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் இல்லை.

காவலில் அடி விழுவதைப் பற்றி நாம் ஓரளவு வாய் திறந்து பேசுகிறோம். இன்னொன்றைப் பற்றிப் பேசுவதே இல்லை. பொலிஸ் கூண்டிலோ சிறையிலோ இருக்கிற பெண்ணிடம், சில நேரம் ஆணிடமும், பாலியல் கொடுமை நடப்பதைத்தான் சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் மறைப்பார்கள். "மானம் போய்விடும், கலியாணம் நின்றுவிடும்" என்பார்கள். தப்புச் செய்தவனுக்கு அந்த மௌனமே பாதுகாப்பாகிவிடுகிறது.

இனி என்னுடைய தவறு ஒன்றைச் சொல்கிறேன். எந்தத் தோட்டம், எந்த இடம், எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள்.

ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். மகளைப் பிடித்து விளக்கமறியலில் வைத்திருந்தார்கள். பார்க்கப் போனபோது மகள் வேறு எதுவும் பேசவில்லை. "அம்மா, என்னைச் சீக்கிரம் வெளியே எடுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். தாய்க்கு மனதில் ஏதோ பட்டது. "பிள்ளைக்கு என்னமோ நடந்திருக்கு" என்று என்னிடம் சொன்னார். நான் என்ன சொன்னேன்? "முதலில் பிணையை எடுப்போம் அம்மா, மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்றேன். பிணைக்கு ஓடி, ஆள் தேடி, பிள்ளையை வெளியே எடுத்தோம். அவள் வாய் திறந்து சொன்னபோது சம்பவம் நடந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. சட்டத்தரணியிடம் போனோம். அவர் முதலில் கேட்டது திகதியை. சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் காலம். அது தாண்டிவிட்டது.

பொலிஸ் முறைப்பாடு இன்னும் செய்யலாம் என்று பிள்ளையிடம் சொன்னோம். வேண்டாம் என்றாள். அது அவளுடைய முடிவு, அதில் நாம் தலையிட முடியாது. ஆனால் அவளுக்குத் திறந்திருந்த ஒரு கதவு, நான் சட்டத்தைச் சரியாகத் தெரிந்து வைக்காததால் மூடிப்போனது. அன்று அவள் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, நான் உள்ளேயே ஒருத்தரிடம் சொன்னேன். அவங்க போய் அந்த ஆளிடமே சொல்லிட்டாங்க."

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது.

இதை உங்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. கொழுந்து நிறுக்கும்போது கிலோ வெட்டுகிறார்கள். யாரிடம் முறையிடுகிறோம்? தராசு பிடிக்கிறவரிடம். அவர் கணக்கப்பிள்ளையைக் கேள் என்பார். கணக்கப்பிள்ளை தராசுக்காரரைக் கேட்பார். "சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் வரும். மறுநாள் பெரட்டில் உனக்குத் தூரத்து மலை. முழுப் பேர் அரைப் பேராகும். அதனால்தான் தராசைச் சோதிக்க வெளியே இருந்து ஆள் வர வேண்டும் என்று சங்கம் கேட்கிறது. சிறையிலும் கதை இதுதான். ஆனால் அங்கே சாப்பாடும், படுக்கையும், தண்ணீரும், வீட்டாரைப் பார்க்கிற நேரமும் அதே ஆட்களின் கையில் இருக்கிறது. வெட்டுவது கிலோவை அல்ல, உயிரையும் மானத்தையும்.

பணமும் சட்டமும் உள்ள நாடுகளில் இது நடக்காது என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அங்கே 2003ஆம் ஆண்டு சிறைகளில் பாலியல் வன்முறையை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். 2012இல் விரிவான விதிகள் வந்தன. முறைப்பாடு செய்யும் வழிகளைக் கைதிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், சிறைக்கு வெளியே ஒரு இடத்துக்கு முறைப்பாடு செய்ய வழி இருக்க வேண்டும், ஒவ்வொரு சிறையையும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை கணக்காய்வு செய்ய வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. வாசித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத விதிகள்.

கலிபோர்னியா மாநிலத்தில் டப்ளின் என்ற ஊரில் மத்திய அரசாங்கத்தின் பெண்கள் சிறை ஒன்று இருந்தது. அதன் தலைமை அதிகாரி ரே கார்சியா. கைதிப் பெண்களை அவர் பாலியல் கொடுமைக்கு உட்படுத்தினார், நிர்வாணமாக நிற்க வைத்துப் படம் எடுத்தார் என்று 2021இல் கைது செய்தார்கள். 2022 டிசம்பரில் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். 2023 மார்ச்சில் 5 வருடமும் 10 மாதமும் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் மட்டும் அல்ல. அந்தச் சிறையின் மதகுருவுக்கு 7 வருடம். வேறு உத்தியோகத்தர்களும் தண்டிக்கப்பட்டார்கள்.

தாய்மார்களே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் சொன்ன அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை எப்படிக் கடைப்பிடிப்பது, கொடுமை நடந்தால் எப்படி முறைப்பாடு செய்வது என்று அந்தச் சிறையில் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது தெரியுமா? இதே கார்சியாவிடம்தான். தராசைச் சோதிக்கிற வேலையும் தராசுக்காரரிடமே.

முறைப்பாடு செய்த பெண்களின் அறைகளைக் கிளறினார்கள். சிலரைத் தனிமைச் சிறையில் போட்டார்கள், சிலரை வேறு சிறைக்கு மாற்றினார்கள். அங்கே இருந்தவர்களில் பலர் வெளிநாட்டுப் பெண்கள். வாய் திறந்தால் நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு.

பிறகு எப்படி வெளியே வந்தது? பெண்கள் விடவில்லை. சிறைக்கு வெளியே இருந்த சட்டத்தரணிகளிடமும், பெண் கைதிகளுக்காக வேலை செய்கிற அமைப்பிடமும், பத்திரிகையாளர்களிடமும் சொன்னார்கள். 2023இல் எல்லோருக்குமாகச் சேர்த்து வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் அந்தச் சிறையைக் கண்காணிக்க நீதிமன்றமே வெளியாள் ஒருவரை நியமித்தது. அதே மாதம் அரசாங்கம் சிறையையே மூடுவதாக அறிவித்தது. பெண்களைத் தூரத்துச் சிறைகளுக்கு ஏற்றிப் போனார்கள், அதிலும் அவர்கள் கஷ்டப்பட்டார்கள். ஆனால் 2024 டிசம்பரில் 100க்கு மேற்பட்ட பெண்களுக்கு ஏறத்தாழ 11 கோடியே 60 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுக்க அரசாங்கம் இணங்கியது. மத்திய அரசாங்கச் சிறைகளுக்கு வெளியே இருந்து முறைப்பாட்டை ஏற்கிற தனி அதிகாரி ஒருவர் வேண்டும் என்று 2024 ஜூலையில் புதுச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்துக்காக 2003இல் இருந்து 21 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

1995ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். அதன்படி, காவலில் இருக்கிற ஒரு பெண்ணோடு உடலுறவு கொண்டவன் "அவளும் சம்மதித்தாள்" என்று சொல்லித் தப்ப முடியாது. காவலில் இருக்கிறவள் சம்மதம் என்று சொன்னாலும் அது சட்டப்படி சம்மதம் இல்லை. உடம்பில் காயம் இல்லையே, எதிர்த்துப் போராடவில்லையே என்று கேட்கவும் இடமில்லை. காயம் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அரச உத்தியோகத்தன் தன் பதவியைப் பயன்படுத்தித் தன் காவலில் இருக்கிற பெண்ணை வல்லுறவு செய்தால் 10 வருடத்துக்குக் குறையாமல் 20 வருடம் வரை கடூழியச் சிறை. அதற்கு மேல் நட்டஈடும் கட்ட வேண்டும். தொடுவது, கெட்ட வார்த்தை பேசுவது, வேறு பாலியல் தொந்தரவு கொடுப்பது எல்லாம் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம், 5 வருடம் வரை சிறை. பெண்ணின் உடம்பைச் சோதிக்க வேண்டுமானால் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மரியாதையாக.

ஆண் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். வல்லுறவுப் பிரிவு பெண்களைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. அதில் பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்ற பேதமில்லை. மகன் விளக்கமறியலில் இருந்து வந்து சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் சுருண்டு படுத்தால், "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன வந்தது" என்று விட்டுவிடாதீர்கள்.

இனி யாரிடம் சொல்வது? சம்பவம் நடந்த இடத்துக்கு வெளியே நான்கு கதவுகள் இருக்கின்றன. எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, நீதவான். பொலிஸ் பிடித்தால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். விளக்கமறியலில் வைத்தால் 14 நாளைக்கு ஒரு தடவை வழக்குக் கூப்பிடப்படும். அப்போது சட்டத்தரணி மூலமாகவோ நேரடியாகவோ நீதவானிடம் சொல்லலாம். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்கலாம், இருக்கிற இடத்தை மாற்றும்படி கேட்கலாம். சில வழக்குகளில் இப்போது ஆளைக் கொண்டு வராமல் திரையில் காட்டிவிடுகிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்குப் பக்கத்தில் உத்தியோகத்தர் நிற்பார், அவள் வாய் திறக்க மாட்டாள். அப்படி என்றால் நேரில் கொண்டு வரும்படி சட்டத்தரணி மூலம் கேளுங்கள்.

இரண்டாவது, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. இது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொலைபேசி இலக்கமும் 1996தான், மறக்காது. நமக்குக் கிட்ட கண்டியிலும் பதுளையிலும் காரியாலயம் இருக்கிறது. ஆணைக்குழுவின் ஆட்கள் தடுத்து வைக்கிற எந்த இடத்துக்கும் எந்த நேரமும் போய்ப் பார்க்கலாம், முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. சித்திரவதைக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையின் மேலதிக நெறிமுறையில் 2017 டிசம்பரில் இலங்கை சேர்ந்தது. அதன்படி தடுப்பு இடங்களைப் போய்ப் பார்க்கும் பொறுப்பும் இவர்களுக்குத்தான். பிள்ளை உள்ளே இருக்கும்போது அவளுக்காகத் தாயோ, சங்கமோ முறைப்பாடு கொடுக்கலாம். இதே ஆணைக்குழு நாட்டின் சிறைகளை ஆராய்ந்து 2020இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. முறைப்பாடு செய்தால் பழிவாங்குவார்கள் என்று கைதிகள் பயப்படுவது அதிலும் பதிவாகியிருக்கிறது. அதனால் "உங்கள் மகள் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையே" என்று யாராவது சொன்னால் அதைப் பதிலாக ஏற்காதீர்கள்.

மூன்றாவது, உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை சித்திரவதையையும், மனிதத் தன்மையற்ற இழிவான நடத்தையையும் தடை செய்கிறது. காவலில் நடக்கிற பாலியல் கொடுமையும் அதற்குள் வரும். பொலிஸ் காவலில் பாலியல் சித்திரவதைக்கு ஆளான ஒரு தமிழ்ப் பெண்ணின் மனுவில் 2002ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். நான் தவறவிட்டது இதைத்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. சும்மா கடிதம் போட்டால் போதாது. முறைப்பாட்டு இலக்கத்தையும் பிரதியையும் வாங்கி வையுங்கள், விசாரணை நடக்கிறதா என்று விடாமல் கேளுங்கள். காவலில் இருந்ததால் தாமதமானது என்றால் நீதிமன்றம் அதைக் கவனிக்கக்கூடும். அதை நம்பி மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நான்காவது, குற்றவியல் முறைப்பாடு. இதற்கு அந்த ஒரு மாத எல்லை இல்லை. சம்பவம் நடந்த பொலிஸ் நிலையத்துக்கே போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மேலதிகாரியான பொலிஸ் அத்தியட்சகரின் காரியாலயத்துக்குப் போகலாம். பொலிஸ்காரர் மீதான முறைப்பாட்டைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் ஏற்கும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவள் என்றால் 1929. பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டுவது தனிக் குற்றம். 2015இல் முதலில் வந்து, 2023இல் புதிதாக்கப்பட்ட பாதுகாப்புச் சட்டம் அதற்கு இருக்கிறது.

வாக்குமூலம் கொடுக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். தமிழும் அரசகரும மொழி. தமிழில் சொல்ல, தமிழில் எழுதிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதை வாசித்து விளக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள், கைநாட்டும் வைக்காதீர்கள். நான் பார்த்த எத்தனையோ வழக்குகள் அந்த ஒரு கையொப்பத்தில் கெட்டுப் போயிருக்கின்றன.

சரி, மாதர் தலைவி என்ற முறையில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? லயத்தில் ஒருவரைப் பிடித்துப் போனார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த நிலையம், யார் வந்தார்கள், பெண் பொலிஸ் இருந்தாரா என்று எல்லாவற்றையும். பார்க்கப் போகும்போது தாயோடு நீங்களும் போங்கள். அங்கே பேச முடியாது, பக்கத்தில் காதுகள் இருக்கும். அதனால் "உடம்புக்கு எப்படி, நித்திரை வருதா, யாருக்கும் பயமா" என்று சாதாரணமாகக் கேளுங்கள். முகத்தைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பிணைக்கு ஓடும்போதே ஆணைக்குழுவுக்கும் அறிவியுங்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று வைக்காதீர்கள். பிள்ளை வெளியே வந்ததும் நடந்தது தெரிந்தால் அந்த உடுப்பைத் துவைக்க வேண்டாம், கடுதாசிப் பையில் எடுத்து வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இதைவிட முக்கியமாக இன்னொன்று. அவள் சொல்வதை ஊர் முழுக்கப் பரப்பாதீர்கள். "அவள் கசிப்பு விற்றவள்தானே" என்று யாராவது பேசினால் வாயை அடையுங்கள். கசிப்பு வழக்குக்குத் தண்டனை கொடுக்க நீதவான் இருக்கிறார். அவர் கொடுக்கிற தண்டனையில் இந்தக் கொடுமை சேர்ந்ததில்லை. முறைப்பாடு செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவள் அவள்தான். எல்லாக் கதவும் திறந்திருக்கும்போதே அவள் அதை முடிவு செய்ய வேண்டும். அதற்கு வழி செய்வது நம் வேலை.

சங்கமாக நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. பெண்கள் இருக்கிற ஒவ்வொரு தடுப்பு இடத்தையும் வெளியார் அடிக்கடி, சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். போகிற குழுவில் பெண்களும் தமிழ் பேசுகிறவர்களும் இருக்க வேண்டும். சோதனைக் குழுக்களில் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2010இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகளும் சொல்கின்றன. கைதி எழுதுகிற முறைப்பாட்டுக் கடிதம் சிறை அதிகாரியின் மேசையைத் தொடாமல் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். அறிவித்தல் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும். இவற்றை அடுத்த மாவட்டக் கூட்டத்தில் தீர்மானமாக முன்வைக்கப் போகிறோம். உங்கள் கை உயர வேண்டும்.

கடைசியாக, அந்த அக்காவுக்கு ஒரு வார்த்தை. சம்பளத்தைப் பேசவில்லை என்று நினைக்காதீர்கள். மலையில் ஒரு மேற்பார்வையாளர் கை நீட்டினால் அந்த முறைப்பாடு யாரிடம் போகிறது? அவரிடமே சுற்றி வருகிறதா, வெளியே போகிறதா? சிறைக்கு நாம் கேட்கிற அதே ஏற்பாட்டைத் தோட்டத்துக்கும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைப் பிற்பகல் அமர்வில் உங்கள் வாயாலேயே கேட்க விரும்புகிறேன்.

அந்தப் பிள்ளை இன்று வேலைக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள். இந்தப் பேச்சைப் பேச அவளிடம் அனுமதி கேட்டேன். "என் பேரைச் சொல்லாதீங்க. ஆனா அந்த ஒரு மாசக் கணக்கைக் கட்டாயம் சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன்.